லான்: எருதுகள் எட்டிப் பார்க்கும் கோபுரம்

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லான். வடக்கு பிரான்சின் சமவெளியில் திடீரென்று சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று. அதன் மேல்தான் பழைய ஊரும் நோத்ர தாம் பேராலயமும். நிலையத்திலிருந்து மேலே போய்வந்த ஆளில்லாத கேபிள் வண்டியை 2016-இல் நிறுத்திவிட்டார்கள். சரி, படிக்கட்டுதான். பாதி ஏறியதுமே கேள்வி வந்துவிட்டது: இவ்வளவு கல்லையும் எப்படி மேலே ஏற்றினார்கள்?

பதில் மேற்குக் கோபுரங்களில் இருக்கிறது. உச்சித் தூண்களுக்கு நடுவிலிருந்து கல் எருதுகள் தலையை நீட்டி ஊரைப் பார்க்கின்றன. மொத்தம் 16. வண்டி இழுத்த எருது ஒன்று களைத்து விழ, எங்கிருந்தோ வேறொரு எருது வந்து பாரத்தை மேலே சேர்த்துவிட்டு மறைந்ததாம். அந்தக் கதையை நம்பாவிட்டாலும், பாரம் இழுத்த மாட்டுக்கு அத்தனை உயரத்தில் இடம் கொடுத்தவர்களை எனக்குப் பிடித்துப்போனது. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கோபுரத்தைத் தன் ஏட்டில் வரைந்துகொண்ட வில்லார் து ஒன்கூர், இப்படியொன்றை எங்குமே கண்டதில்லை என்று எழுதிவைத்தார்.

ஊரின் பழைய கதை அவ்வளவு சாதுவானதல்ல. 1112-இல், தங்களுக்குக் கிடைத்த தன்னாட்சி உரிமை பறிபோன ஆத்திரத்தில் நகரமக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஊரை ஆண்டுவந்த, நிலவறைப் பீப்பாய்க்குள் ஒளிந்த ஆயர் (பிஷப்) கோத்ரியை வெளியே இழுத்துக் கொன்றார்கள். அப்போது பரவிய தீயில் பழைய ஆலயமும் எரிந்தது. சேதத்தைச் சரிசெய்யப் புனிதப் பொருள்களை இங்கிலாந்து வரை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காணிக்கை திரட்டினார்கள். இப்போதிருக்கும் கட்டடம் அந்த நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. கூர்முனை வளைவுகளோடு பின்னாளில் வானளாவ உயர்ந்த கோதிக் பாணியின் இளமைக்காலம்.

அதனால் உள்ளே உயரம் 24 மீட்டர்தான். ஆனால் சுவர் நான்கு அடுக்காக ஏறுகிறது. நடுக்கோபுரத்தின் சன்னல்கள் வழியே வெளிச்சம் நேராகக் கீழே இறங்குகிறது. கல்லும் வெளிர் நிறம். பாரிஸ் நோத்ர தாமின் நெரிசலில் அண்ணாந்து பார்க்கவே இடம் தேட வேண்டியிருந்தது. இங்கே நாற்காலியில் சாய்ந்து ஆற அமரப் பார்க்கலாம்.

இங்கிருந்து ரெய்ம்ஸ் பக்கம்தான். மன்னர்கள் முடிசூடிய பேராலயம் என்று எல்லோரும் அங்கேதான் போகச் சொல்வார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் லானுக்கே அனுப்புவேன். எருதுகளைப் பார்க்க பைனாகுலர் மட்டும் கொண்டுபோங்கள்.