கர்னல் டீபக்கிங் டாக்குமெண்ட்டை யாரு அப்டேட் பண்றது?

லினக்ஸ் கர்னலை, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியை, டீபக் பண்ண (கோளாறைத் தேடிப் பிடிக்க) உக்கார்ற ஆளுக்கு பழைய டாக்குமெண்ட்டை விட பெரிய கெடுதல் எதுவும் இல்லன்னு நான் நினைக்கறேன். சாதாரண ஆப்புன்னா பட்டன் இடம் மாறிடுச்சு போலன்னு ரெண்டு நிமிஷம் தேடி கண்டுபிடிச்சுக்கலாம், கர்னல்ல அப்படி இல்ல, மெஷின் எதுக்கு தொங்குதுன்னே தெரியாமதான் அந்தப் பக்கத்தைத் திறக்கறோம், அதுல போட்ட கமாண்டும் வேலை செய்யலன்னா கோளாறு டிரைவர்லயா, நம்ம செட்டப்லயா, இல்ல எழுதி வச்சதுலயேவான்னு எல்லாத்து மேலயும் சந்தேகம் வந்துடும்.

கொஞ்ச நாள் முன்னாடி கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிட்டு பஸ் ஏறி புதுச்சேரிக்கே வந்துட்டாரு. "அண்ணா, கைடுல இருக்கற மாதிரியேதான் பண்றேன், ஜிடிபி சிம்பலே இல்லங்குது"ன்னு முகம் வாடிப்போய் சொன்னாரு. ஜிடிபின்றது டீபக் பண்ற டூல், சிம்பல்னா எந்த ஃபங்ஷன் எந்த அட்ரஸ்ல இருக்குன்னு அதுக்குச் சொல்ற பேர். பாத்தா அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கர்னல் பில்டுக்கான செட்டிங் இருக்கற டாட் கான்ஃபிக் ஃபைல்ல கான்ஃபிக் டீபக் இன்ஃபோன்னு ஒரு வரியை 'ஒய்' போட்டு சேருன்னு கைடு சொல்லுது, அவரும் சேத்துருக்காரு, அப்புறம் அந்த ஃபைலை சரிபாத்து மிச்சத்தை டீஃபால்ட்டா நிரப்பற மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டினதும் அந்த வரி சத்தமில்லாம காணாமப் போயிடுது. காரணம் என்னன்னா, 2022ல வந்த 5.18 கர்னல்ல இருந்து அந்த ஆப்ஷனை நேரடியா ஆன் பண்ண முடியாது, டீபக் தகவலை எந்த ஃபார்மட்ல எழுதணும்னு டூல்செயின் டீஃபால்ட், டிவார்ஃப் 4, டிவார்ஃப் 5ன்னு இருக்கறதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா டீபக் இன்ஃபோ தானா ஆன் ஆகும். வார்னிங் எதுவும் வராது, அதான் கொடுமை.

அதை சரி பண்ணி மறுபடி பில்ட் போட்டு கியூஎம்யூன்ற விர்ச்சுவல் மெஷின்ல ஓட்டினா இப்போ சிம்பல் வருது, ஆனா பிரேக்பாயிண்ட்ல, அதாவது இங்க நில்லுன்னு குறிச்ச இடத்துல, நிக்க மாட்டேங்குது. அதுக்கு கேஏஎஸ்எல்ஆர் காரணம், பூட் ஆகும்போதெல்லாம் கர்னலை மெமரில வேற வேற இடத்துல வைக்கற பாதுகாப்பு ஏற்பாடு அது. எக்ஸ்86ல (சாதாரண பிசி பிராசஸர்) 2017ல வந்த 4.12ல இருந்து டீஃபால்ட்டாவே ஆன். ஜிடிபி படிக்கற விஎம்லினக்ஸ் ஃபைல்ல ஒரு அட்ரஸ், ஓடுற கர்னல்ல வேற அட்ரஸ், அப்புறம் எங்க நிக்கும்? பூட் லைன்ல நோகேஏஎஸ்எல்ஆர்னு ஒரு வார்த்தை சேத்ததும் நின்னுடுச்சு. அந்தத் தம்பி இதுக்காக மூணு ராத்திரி தூங்காம இருந்துருக்காரு. சரியா எழுதியிருந்தா ரெண்டே வரி.

இதுல எனக்கு ரொம்ப மதிப்பு உள்ளது கர்னல் சோர்ஸுக்குள்ளயே இருக்கற டாக்குமெண்டேஷன் ஃபோல்டர்தான். கூகுள்ல தேடினா லேட்டஸ்ட் வெர்ஷனோட பக்கம் வரும், இல்லன்னா பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதினது வரும், நம்ம போர்டுல ஓடறது 5.4ஆ இருக்கும். எல்லா வெர்ஷனையும் சேத்து வச்சிருக்கற கிட்ல அந்த வெர்ஷனை செக்அவுட் பண்ணா கோடோட கூட அதே காலத்து டாக்குமெண்ட்டும் வந்துடும். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் அடிச்சப்போ கரண்ட்டும் நெட்டும் போயிடுச்சு, லேப்டாப்ல மிச்சமிருந்த சார்ஜ்ல நான் படிச்சது அந்த ஃபோல்டரைத்தான்.

நல்லா பண்ணதுக்கும் உதாரணம் இருக்கு. 5.10ல பிரிண்ட்கே, அதாவது கர்னல் தன்னோட மெசேஜை எழுதற ஏற்பாடு, அந்த மெசேஜ் லாகை வைக்கற ரிங் பஃபரையே (பூட்டு போடாம எழுதற மாதிரி) லாக்லெஸ்ஸா மாத்தி எழுதினாங்க, பழைய வேரியபிளை நேரா படிச்சிட்டு இருந்த டூலெல்லாம் மெசேஜ் லாகைக் காட்ட முடியாம போச்சு, ஆனா சோர்ஸுக்குள்ள இருந்த ஜிடிபி ஸ்கிரிப்ட்டையும் கேடம்ப் (கர்னல் கிராஷ் ஆனா மெமரியை சேத்து வைக்கற ஏற்பாடு) டாக்குமெண்ட்ல இருந்த ஜிடிபி மேக்ரோவையும் அந்த வேலை பண்ணவங்களே சேத்து மாத்திட்டாங்க. அப்படித்தான் பண்ணனும். அதே டாக்குமெண்டேஷன்ல இருக்கற பக் ஹண்டிங் பக்கத்துல, ஊப்ஸை (கர்னல் தப்பு நடந்தா காட்டற மெசேஜ்) புரியற மாதிரி மாத்தித் தர்ற பழைய டூல் கேசிம்ஊப்ஸ் 2.6லயும் அதுக்கு மேலயும் பிரயோஜனமில்ல, ஊப்ஸை வந்த மாதிரியே அனுப்புங்கன்னு தெளிவா போட்டுருக்கும், அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா புதுசைச் சொன்னா மட்டும் பத்தாது, பழசைத் தேடி வர்றவனையும் தடுத்து நிறுத்தணும்.

சோர்ஸ்ல ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, டாக்குமெண்ட்ல சொல்ற ஃபைல் உண்மையிலயே அந்த இடத்துல இருக்கான்னு செக் பண்ணும். கேஜிடிபி (ஓடிட்டு இருக்கற கர்னலையே டீபக் பண்ண உதவற வசதி) பக்கமே டெவ் டூல்ஸ் ஃபோல்டர்ல இருந்து ப்ராசஸ் ஃபோல்டருக்குள்ள டீபக்கிங்னு தனி இடத்துக்கு மாறிடுச்சு, அந்த மாதிரி மாத்தறப்போ இது உதவும். ஆனா கமாண்ட் வேலை செய்யுதான்னு அந்த ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. அதை ஒரு ஆள் உக்காந்து ஓட்டித்தான் பாக்கணும்.

அதனால நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கறது, தப்பு கண்ல பட்ட அன்னைக்கே திருத்தி அனுப்பிடுங்க. ஒரு வரி பேட்ச்னாலும் (திருத்தம்) அனுப்பலாம், யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க. எந்த கமிட்டால (பதிவான கோடு மாற்றம்) கர்னலோட நடத்தை மாறுச்சுன்னு கிட் லாக்ல தேடி மெசேஜ்ல எழுதுங்க, டாக்குமெண்ட் ஒழுங்கா பில்ட் ஆகுதான்னு மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் ஒரு தடவை ஓட்டுங்க, பேட்ச் விதிப்படி இருக்கான்னு செக்பேட்ச் ஓட்டுங்க, யாருக்கு அனுப்பணும்னு கெட்மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டே சொல்லிடும். ஆபீஸ்ல உள்ளுக்குள்ள வச்சிக்கற நோட்ஸ்னா மேலயே கர்னல் வெர்ஷன், கான்ஃபிக், எந்த மெஷின்ல டெஸ்ட் பண்ணதுன்னு போட்டுடுங்க, நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில அது இல்லாம புதுசா சேர்ற ஒவ்வொருத்தரும் அதே குழில விழுந்து எழுந்தாங்க.

இப்போ கேஜிடிபி பக்கத்தை வரி வரியா ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன். எக்ஸ்86 மட்டும்தான் வீட்டுல இருக்கு. கடலூர், புதுச்சேரி பக்கம் யார்கிட்டயாவது ஆர்ம்64 பிராசஸர் உள்ள போர்டும் சீரியல் கேபிளும் இருந்தா சொல்லுங்க, கர்னலுக்கு நேரா கட்டளை குடுக்கற சிஸ்ரிக்யூ ட்ரிகர் ஃபைல்ல 'ஜி' எழுதினா கேடிபின்ற கர்னலுக்குள்ள இருக்கற டீபக்கரோட ப்ராம்ப்ட் வருதான்னு சேந்து பாத்துட்டு பேட்ச் போட்டுடலாம்.