ஃப்னூ ஓட்டுப் போட்ட கதை

பதினாறு வருடமாக அமெரிக்காவில் என் பெயர் ஃப்னூ. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்து அப்படித்தான் கூப்பிடுவார். நம் ஆட்கள் பலருக்கு இது பழக்கமான வியாதி. இந்திய பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் ஒன்றாக ‘கிவன் நேம்’ கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. ‘சர்நேம்’ காலி. விசா அடித்தவர்கள் மொத்தத்தையும் சர்நேம் ஆக்கி, முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியாதவன் என்று அர்த்தம். பென்சில்வேனியா லைசென்ஸிலும் அதுவே ஏறிக்கொண்டது.

குடியுரிமை வாங்கும்போது இதைத் தலைமுழுகிவிடலாம் என்று என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றமும் கேட்டேன். அப்படிக் கேட்டால் நீதிபதி முன்னால்தான் உறுதிமொழி. கைரேகை, நேர்காணல், பத்துக் கேள்விக்கு ஆறு சரியாகச் சொன்னால் போதும் என்று அப்போது இருந்த தேர்வு, எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. 2024 ஆகஸ்ட் நடுவில், ஃபிலடெல்ஃபியா மார்க்கெட் தெருவில் இருக்கும் ஃபெடரல் கோர்ட்டில் கையை உயர்த்தினேன். ரோட்டைத் தாண்டினால் சுதந்திர மணி. என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால் என்று குடியுரிமைச் சான்றிதழ் ஒன்று, பெயர் மாற்ற உத்தரவு ஒன்று. வெளியே வரும்போது தன்னார்வலர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார்கள். நின்றபடியே நிரப்பிக் கொடுத்தேன். புதுப் பெயர், பழைய லைசென்ஸின் எண். அங்கேயே கோட்டை விட்டாயிற்று.

மறுநாள் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. ஜனவரியில் திருச்சியில் அக்கா மகள் கல்யாணம். அமெரிக்க பாஸ்போர்ட் கையில் வந்தால்தான் ஓசிஐக்கு, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான அட்டைக்கு, விண்ணப்பிக்க முடியும். காலையில் முதல் ஆளாகத் தபால் அலுவலகத்தில் நின்றேன். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும், அது தெரிந்ததுதான். நான் எதற்கும் இருக்கட்டும் என்று பெயர் மாற்ற உத்தரவையும் அதே உறைக்குள் வைத்தேன். “அதையும் ஏன் அனுப்பினீங்க?” என்று வீட்டில் கேட்டபோது, “கவர்மென்ட்டுக்குக் காகிதம் கூடினா தப்பில்ல, குறைஞ்சாத்தான் தப்பு” என்று வியாக்கியானம் வேறு செய்தேன்.

செப்டம்பர் நடுவில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம். நான் கொடுத்த லைசென்ஸ் எண்ணோடு பெயர் ஒத்துப்போகவில்லை, தொடர்பு கொள்ளவும். 2000-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ஃப்ளோரிடாவில் நடந்த ஓட்டு எண்ணிக்கைக் கூத்துக்குப் பிறகு 2002-இல் ஒரு சட்டம் வந்தது. பதிவு செய்பவர் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நாலு எண்ணையோ தர வேண்டும், அதை அரசாங்கக் கணினியில் ஒத்துப் பார்க்க வேண்டும். என் எண்ணைத் தட்டினால் அங்கே ஃப்னூ நிற்கிறான்.

நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கடிதத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. “லைசென்ஸில் பெயரை மாற்றிவிட்டு வாருங்கள்.” அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். சரி என்று லைசென்ஸ் மையத்துக்குப் போனேன். அங்கே பெயர் மாற்ற ஒரிஜினல் உத்தரவு வேண்டும். அது பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு போயிருக்கிறது என்றேன். அப்படியானால் வந்த பிறகு வாருங்கள். செல்போனில் போட்டோ இருக்கிறதே என்று திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். முத்திரைகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காயைக் காட்டிக் கறி கேட்டவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார் அந்த அம்மா. சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுக்கலாமே என்கிறீர்களா? அங்கேயும் பழைய பெயர்தான், மாற்றுவதற்கு அங்கேயும் ஒரிஜினல்தான். என்னிடம் இருந்த எல்லா ஒரிஜினலும் ஏதோ ஒரு மேஜையில் பாஸ்போர்ட்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 21.

இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், இரண்டு மாதம் முன்னால்தான் நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் இதே விஷயத்துக்கு நான் சண்டை போட்டிருந்தேன். ஓட்டுக்குப் பதிவு செய்பவர் குடிமகன் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்ற ‘சேவ்’ மசோதா ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 221-198 என்று நிறைவேறியது. செனட்டில் நகரவில்லை. “காகிதம் இருக்கிறவனுக்கு என்ன பயம்? நம்ம ஊர்ல வாக்காளர் அட்டை இல்லையா?” என்று எழுதியது நான்தான். நம் ஊரில் தேர்தல் ஆணையத்தின் ஆள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டிப் பெயர் சேர்ப்பார் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். அந்த மசோதா சட்டமாகியிருந்தால் கோர்ட் வாசலில் நான் கொடுத்த படிவத்தை அப்போதே திருப்பித் தந்திருக்க மாட்டார்கள், கையில் சான்றிதழ் இருந்தது. ஒரு நாள் கழித்துப் போயிருந்தால் அதே குடிமகனிடம் காட்ட எதுவுமில்லை. நான் எழுதியதை யாரோ எடுத்துக் குழுவில் மறுபடி போட்டார்கள். ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு நகர்ந்தேன்.

மறுபக்கமும் பொய்யில்லை. பென்சில்வேனியா லைசென்ஸ் மையங்களின் திரை குடிமகன் அல்லாதவர்களிடமும் ‘ஓட்டுக்குப் பதிவு செய்கிறீர்களா?’ என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது 2017-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கிரீன் கார்டில் இருப்பவர்கள் அந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் ‘இல்லை’ என்று போடுங்கள். தெரியாமல் ‘ஆம்’ போட்டவர்களுக்குக் குடியுரிமை நேர்காணலில் தலைவலி வரும், நாடு கடத்தல் வரைகூடப் போகலாம்.

காப்பாற்றியது எது தெரியுமா? ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மாநிலத் தேர்தல் துறையின் உத்தரவுகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். 2018-இல் எல்லாக் கவுண்டிகளுக்கும் அனுப்பிய ஓர் உத்தரவு கிடைத்தது. எண் ஒத்துப்போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. அவ்வளவுதான் சாராம்சம். ஜார்ஜியாவில் அதே 2018-இல் பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்ற விதியில் சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் நின்றன. அங்கே தேர்தல் துறைக்குப் பொறுப்பாக இருந்த பிரையன் கெம்ப்பே கவர்னர் வேட்பாளராகவும் இருந்ததால் ஊர் சிரித்தது. நான் ஜார்ஜியாவில் இல்லாமல் பென்சில்வேனியாவில் குடியேறியது என் அதிர்ஷ்டம்.

உத்தரவை அச்செடுத்து, அந்த வரியை மஞ்சள் பேனாவால் பூசி, கடிதத்தோடு ஊசி போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி கவுண்டி அலுவலகத்துக்குப் போனேன். அதே கவுன்டர், அதே ஆள். “லைசென்ஸ் மாற்றியாயிற்றா?” இல்லை என்று சொல்லிக் காகிதத்தை மட்டும் நகர்த்தி வைத்தேன். குரலை உயர்த்தவில்லை, அது முக்கியம். உயர்த்தினால் அவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும். மஞ்சள் வரியை இரண்டு முறை படித்தார். காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரில் இருந்த கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது பின்னால் ஒரு வயதான அம்மா. விசைப்பலகையில் ஏதோ தட்டினார். “முடிந்தது, அட்டை தபாலில் வரும்” என்றார். முதல் ஆள் என் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்து வருகிறவருக்கு உதவட்டும்.

அட்டை வந்தது. அக்டோபர் இரண்டாவது வாரம் பாஸ்போர்ட்டும் வந்தது, சான்றிதழ் வரவில்லை. அது தனித் தபாலில் வரும், பதற வேண்டாம்.

நவம்பர் 5 அன்று காலை ஆறே முக்காலுக்கே வரிசையில் நின்றேன். இங்கே ஒரு வாக்குச்சாவடியில் முதல் தடவை ஓட்டுப் போடும்போது மட்டும்தான் அடையாளம் கேட்பார்கள். பெயரும் முகவரியும் இருக்கும் கரன்ட் பில் போதும். அடுத்த தடவை அதுவும் வேண்டாம். எல்லோரும் போட்டோ அடையாளம் காட்ட வேண்டும் என்று 2012-இல் கொண்டுவந்த சட்டத்தை 2014-இல் கோர்ட் ரத்து செய்துவிட்டது. நான் பாஸ்போர்ட்டையே கொண்டுபோனேன், லைசென்ஸைப் பர்ஸிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. மேஜையில் இருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பட்டியலில் தேடினார். இல்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பார்த்தால் என் பெயரின் எழுத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். “என் அப்பா பெயரில் பாருங்கள்” என்றேன். பக்கங்களைத் திருப்பினார். இருந்தது. கையெழுத்துப் போட விரலை வைத்துக் காட்டினார்.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: பெயர் மாற்றினால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி, அப்புறம் லைசென்ஸ், அப்புறம் வாக்காளர் பதிவு, பாஸ்போர்ட் கடைசி. கல்யாணம் இருந்தாலும்.

சான்றிதழும் உத்தரவும் போன வாரம் வந்து சேர்ந்தன. வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், லைசென்ஸ் மையத்துக்கு. அதுவரை ஓட்டுப் போட்டவன் ஒருத்தன், வண்டி ஓட்டுகிறவன் ஃப்னூ.