மாமாவின் வேட்டியில் விழுந்த கோடு

கையால் செய்த முதல் பெல்ட்டை மாமாவுக்குக் கொடுத்த மறுநாள், அவருடைய வெள்ளை வேட்டியின் இடுப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. "பெல்ட்டைக் கழற்றினாலும் கழற்றாத மாதிரியே இருக்கு மாப்ளே" என்று அவர் சிரித்தார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே தெரியும் முகப்பக்கத்துக்கு மூன்று நாள் பார்த்துப் பார்த்துச் சாயமும் மெழுகும் பூசிய நான், உடம்பை ஒட்டிக் கிடக்கும் சதைப்பக்கத்தைக் கவனிக்கவே இல்லை. அங்கே நார்கள் பஞ்சுபோல் எழும்பி நின்றன. விரலால் தேய்த்தால் சாயத்தோடு தூளும் ஒட்டிக்கொண்டு வந்தது.

சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடையில் நான் வாங்கியிருந்தது மரப்பட்டைச் சத்தில் பதனிட்ட எருமைத் தோல், ஏறத்தாழ 4 மி.மீ. கனம். இவ்வகைத் தோலின் நார்கள் ஈரத்தில் அழுத்தித் தேய்த்தால் படிந்து, காய்ந்த பிறகும் படிந்தபடியே நிற்கும்; குரோமியத்தில் பதனிட்டவை அவ்வளவு எளிதில் படிவதில்லை. நார்களைப் படியவைக்க வீட்டில் இருப்பதே போதுமென்று முதலில் ஒரு துண்டில் அரிசிக் கஞ்சியைத் தடவிப் பார்த்தேன். காய்ந்ததும் வழவழப்பாக இருந்தது, வளைத்ததும் நுண்ணிய வெடிப்புகள் ஓடின. ஐப்பசி மழையில் அதே துண்டில் பூஞ்சையும் பூத்தது. மாவுச்சத்து அதற்குச் சாப்பாடு அல்லவா.

பிறகு சி.எம்.சி. (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) என்ற பசைத் தூளுக்கு மாறினேன். ஒரு தேக்கரண்டித் தூளைக் கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி இரவு முழுவதும் ஊறவிட்டால், காலையில் பசையாகிவிடும். துருப்பிடித்த டப்பாவில் கலக்கியதால் முதல் முறை தோலெங்கும் கரும்புள்ளிகள் விழுந்தன. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது: தோலிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான்.

மாமாவின் பெல்ட்டில் நீண்டு தொங்கிய நார்களைக் கத்தியால் சீவி, 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, உதிரும் சாயத்தைத் துணியால் துடைத்தெடுத்தேன். பசையை ஒரேயடியாகப் பூசாமல் ஒரு சாண், ஒரு சாணாகத் தடவ வேண்டும். அதிகம் ஊறினால் முகப்பக்கத்தில் கறை எழும், வாரும் இழுபட்டுவிடும். உண்மையான வேலை காத்திருப்பதில்தான் இருக்கிறது. பளபளக்கும் ஈரம் மறைந்து, தொட்டால் குளிர்ச்சியும் லேசான பிசுபிசுப்பும் மட்டும் மிஞ்சும் அந்தச் சில நிமிடங்களில், விளிம்பு மழுங்கிய தடித்த கண்ணாடித் துண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முந்தினால் பசை உருண்டு நாரையும் பிடுங்கிவரும். பிந்தினால் நார் படியாது. முதலில் இழுத்துப் பிடிக்கும் கண்ணாடி, பத்துப் பன்னிரண்டு தேய்ப்புக்குப் பிறகு தானாக வழுக்கத் தொடங்கும்போது, அந்த இடம் முடிந்தது என்று கைக்கே தெரிந்துவிடும். மறுநாள் 400 எண் தாளால் மெல்ல உரசி, இரண்டாம் பூச்சு.

அதோடு நிறுத்தியிருந்தால் மாமாவின் வியர்வையில் எல்லாம் கரைந்திருக்கும், ஏனெனில் இந்தப் பசை காய்ந்த பின்பும் நீரில் இளகக்கூடியது. ஆகவே பாதிக்குப் பாதி நீர் கலந்த அக்ரிலிக் பூச்சை மெல்லிதாக இருமுறை தடவி, துளைகளின் உள்விளிம்புக்குத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிப் பூசி, ஒரு நாள் காயவிட்டேன். ஈரத் துணியால் இருபது முறை அழுத்தித் தேய்த்தும் துணி வெள்ளையாகவே இருந்தது. அந்தத் துணி மாமாவின் பழைய வேட்டிதான். எத்தனை முறை துவைத்தும் கோடு போகாததால், அத்தை அதைக் கிழித்து என் வேலைக்கே கொடுத்துவிட்டார்.