வளவுத் தரையும் 48 மார்க்கரும்

மார்ச் 22

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டை இந்த முறை திறந்தபோது, வீட்டின் நடுவில் திறந்த முற்றமாக இருக்கிற வளவைச் சுற்றியுள்ள தரையை நிறையப் படம் எடுத்து வந்தேன். ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற தரைக் கல், ஆத்தங்குடிக் கல். செங்காவி அடிநிறம், நடுவில் மஞ்சள் பூ, பூவைச் சுற்றிப் பச்சைக் கொடி, நாலு மூலையிலும் கறுப்பு. வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கிற வீடு என்பதால் அந்தத் தரையைக் காகிதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. கலர் பென்சிலில் இரண்டு தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பென்சிலின் கீறல் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கல்லின் அழகே வழவழப்பில்தான் இருக்கிறது. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிச் செய்வதால் வருகிற வழவழப்பு அது. கீறல் தெரிந்தால் அது ஆத்தங்குடிக் கல்லே இல்லை.

அதற்காகத்தான் ஆல்கஹால் மார்க்கர் வாங்கினேன். 48 நிறம், ஒரு பக்கம் பட்டை முனை, மறுபக்கம் பிரஷ் முனை.

பள்ளிக்கூடத்து ஸ்கெட்ச் பேனாவில் மை தண்ணீரில் கரைந்திருக்கும். ஒரே இடத்தில் இரண்டு தடவை தேய்த்தால் தாள் ஊறித் திரிதிரியாகப் பிய்ந்து வரும். இதில் சாயம் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. தாள் பிய்வதில்லை. பக்கத்தில் இழுக்கிற அடுத்த கோடு முந்தைய கோட்டின் மையைக் கரைத்து அதோடு சேர்ந்துகொள்கிறது. முதல் நாள் ஒரு சின்னச் சதுரத்தைச் செங்காவியால் நிரப்பியபோது, கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கண் முன்னாலேயே ஒரே பரப்பாக ஆயிற்று. அந்தச் சதுரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளைத் தூக்கியபோதுதான் அடியில் இருந்த கணக்கு நோட்டில் நாலு பக்கத்துக்குச் சிவப்பு இறங்கியிருப்பது தெரிந்தது. பிரிண்ட் எடுக்கிற சாதாரண 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள் இதற்கு ஆகாது. மை கீழேயும் இறங்குகிறது, பக்கவாட்டிலும் கோட்டைத் தாண்டி ஓடுகிறது.

மார்ச் 29

தாள் மாற்றினேன். 250 ஜிஎஸ்எம் வழவழப்பான கார்ட்ஸ்டாக், அதாவது அட்டை மாதிரி கெட்டித் தாள். பின்பக்கம் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது, ஆனால் ஓடுவது அடங்கிவிட்டது. அடியில் எப்போதும் இன்னொரு கெட்டி அட்டை.

இந்த வாரம் இரண்டு பாடம். ஒன்று, மூடியின் நிறத்தை நம்பக் கூடாது. ‘இலைப் பச்சை’ என்று இருந்த மூடியைத் திறந்தால் பாசிப் பச்சை வந்தது. தாளில் போட்டவுடன் ஆழமாகத் தெரிகிற நிறம் காய்ந்ததும் ஒரு படி வெளுக்கிறது. அதனால் 48 நிறத்துக்கும் அதே கார்ட்ஸ்டாக்கில் கட்டம் போட்டு, ஒரு தடவை பூசியது, இரண்டு தடவை பூசியது என்று மாதிரி அட்டை செய்துகொண்டேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அன்றிலிருந்து அந்த அட்டையைப் பார்க்காமல் எந்தப் பேனாவையும் திறப்பதில்லை.

இரண்டாவது கொஞ்சம் வருத்தமானது. கல்லின் வடிவத்தைப் பென்சிலில் வரைந்து, அதை ஜெராக்ஸ் எடுத்துப் பல பிரதியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மஞ்சளைப் பூசத் தொடங்கியதும் ஜெராக்ஸின் கறுப்புக் கோடு கரைந்து மஞ்சளோடு கலந்து, பூவெல்லாம் அழுக்குச் சாம்பலாக ஆகிவிட்டது. அந்த மையில் இருக்கிற பிளாஸ்டிக் பொடியை ஆல்கஹால் இளக்கிவிடுகிறது. மஞ்சள் பேனாவின் முனையிலும் கறுப்பு ஏறிவிட்டது. வேண்டாத தாளில் கிறுக்கிக் கிறுக்கித்தான் முனையைச் சுத்தம் செய்தேன். இனிமேல் கையால்தான் கோடு. அதுவும் முதலில் நிறம், நன்றாகக் காய்ந்த பிறகு கோடு.

ஏப்ரல் 5

மூன்று நாளாக ஒரே பிரச்சினை. சின்னச் சதுரத்தில் அவ்வளவு அழகாக விழுந்த செங்காவி, பெரிய இடத்தில் பட்டை பட்டையாக நிற்கிறது. மையைக் குறை சொன்னேன், தாளைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால் காரணம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகும். இரண்டு கோடும் ஈரமாக இருக்கும்போதுதான் கலக்கும். காரைக்குடி வெயிலில், மின்விசிறிக் காற்றில், ஒரு வரிசையை முடித்து அடுத்த வரிசைக்குக் கை வருவதற்குள் முதல் வரிசையின் விளிம்பு காய்ந்துவிடுகிறது. காய்ந்த விளிம்பின் மேல் புது மை ஏறினால் அங்கே இரண்டு பூச்சு, மற்ற இடத்தில் ஒரு பூச்சு. அதுதான் அந்தப் பட்டை.

சரி, விசிறியை நிறுத்தினேன். வேர்வை தாளில் சொட்டியது. நீர் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் வெள்ளைத் திட்டு விழுந்தது. சன்னலையும் சாத்தியிருந்ததால் அரை மணி நேரத்தில் மையின் வாடை தலையைப் பிடித்துவிட்டது. இந்தப் பேனாக்களை மூடிய அறையில் வைத்து அடிக்கக் கூடாது, காற்று வேண்டும். ஆனால் காற்று வந்தால் மை காய்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான்.

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தேன். மாதிரி அட்டை போலவே ஒரு துண்டில் எல்லா நிறத்தையும் பூசி, பாதியை அட்டையால் மூடி, தெற்குச் சன்னலில் ஒட்டி வைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

“செங்கலாட்டம் இருக்கேத்தா. நம்ம கல்லு இன்னும் ஆழமால்ல இருக்கும்.”

உண்மைதான். என்னிடம் இருக்கிற சிவப்பெல்லாம் ஒன்று ரோஜாப் பக்கம் போகிறது, இல்லை செங்கல் பக்கம் போகிறது. சென்னையில் இருக்கிற சிநேகிதி காப்பிக் (Copic) என்கிற கம்பெனி ஆல்கஹால் மார்க்கர் வைத்திருக்கிறாள். ஜப்பானில் 1987இல் வந்தது, இப்போது 358 நிறம். ஒவ்வொரு பேனாவிலும் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆங்கில ‘E’ என்றால் மண் நிறங்கள். கடைசி எண் கூடக் கூட நிறம் ஆழமாகும். மை தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம், முனையையும் மாற்றலாம். அவளிடம் மண் நிறத்திலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு இருப்பது மொத்தம் நாலு பழுப்பு.

ஆனால் இந்த மை கண்ணாடித் தாள் மாதிரி. மேலே பூசுவது கீழே இருப்பதை மறைக்காது, அதோடு கூடும். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் இருபது விதமாக அடுக்கிப் பார்த்தேன். முதலில் ஆரஞ்சு, காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய ஊதா, அதுவும் காய்ந்ததும் சிவப்பு. வந்துவிட்டது! ஊதா அடியில் நின்று சிவப்பை உள்ளே இழுக்கிறது. அப்பத்தா அந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்து, “இதுதான்” என்றார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆழமானதை வெளுக்க வைக்க முடியாது. நிறமில்லாத பிளெண்டர் பேனா அழிப்பான் மாதிரி வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். அது சாயத்தைப் பக்கத்தில் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய இடத்தில் வளையமாக ஒரு விளிம்பு நிற்கும். பூவிதழின் நுனியை மெல்ல வெளுக்க வைப்பதற்கு நல்லது, தப்பைத் திருத்துவதற்கு உதவாது.

ஏப்ரல் 26

இந்த வாரம் கல்லை விட்டுவிட்டுக் கண்டாங்கி. அப்பத்தாவின் பழைய சேலை ஒன்றை மடித்து வைத்து, மடிப்பின் மேலே தெரிகிற கட்டத்தை மட்டும் வரைந்தேன். கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கட்டத்தை எங்கே பார்த்தாலும் தெரியும்.

இந்த மாதத்திலேயே எனக்குப் பெரிய சந்தோஷம் இதில்தான். தறியில் பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் ஒரு நிறம். இரண்டும் குறுக்கிடுகிற சதுரத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் தெரியும். அதைத் தனியாக எப்படிப் பூசுவது என்று யோசித்துக்கொண்டே பட்டை முனையால் நீளவாக்கில் அரக்குப் பட்டைகளை இழுத்தேன். கால் மணி நேரம் காயவிட்டுக் குறுக்கே இழுத்தேன். குறுக்கிட்ட இடமெல்லாம் தானாகவே ஆழமாயிற்று, நெய்தது போலவே. நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரமாகப் பட்டை விழக் கூடாது என்று போராடிய அதே குணம் இங்கே கட்டத்தை நெய்து கொடுத்தது.

ஒன்று மட்டும் முக்கியம்: நீளப் பட்டை முழுக்கக் காயாமல் குறுக்கே இழுத்தால் விளிம்பு கலங்கிவிடும். முதல் முயற்சியில் அவசரப்பட்டு இரண்டு கட்டம் போயிற்று.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பகலில் பேனாவைத் திறப்பதே வீண். மூன்று நாள் விடுமுறைக்கு எல்லோரும் பள்ளத்தூருக்குப் போனோம், மார்க்கர் பெட்டியும் கூட வந்தது.

காலை ஐந்தரைக்கு எழுந்து, வளவை ஒட்டிய தாழ்வாரத்தில் தூணோரம் பலகை போட்டு உட்கார்ந்தேன். மேலே திறந்த வானம், அதனால் வாடை தங்குவதில்லை. சுற்றிலும் சுவர், அதனால் காற்று நேராக அடிப்பதில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை, ஆனால் வெளிச்சம் இருக்கிறது. ஒரு மாதமாக நான் தேடிய இடம் இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. கல் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தலையைக் குனிந்தால் போதும்.

ஏழரைக்குள் ஒரு முழுக் கல்லை முடித்தேன். பெரிய அடிநிறத்தைப் பூவும் கொடியும் தாமாகவே சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்திருக்கின்றன. ஒரு துண்டை எடுத்தால் நிறுத்தாமல், கையைத் தூக்காமல், ஈரமான விளிம்பையே துரத்திக்கொண்டு போய் முடித்துவிட வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டாலும் பதில் சொல்லவில்லை. கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்திவிட்டால், மை தானே ஊர்ந்து போய்க் கோட்டைத் தொடும். கோடு வரை இழுத்தால் தாண்டிவிடும். மஞ்சள் பூ முதலில், செங்காவி கடைசியில். மாற்றிச் செய்தால் மஞ்சள் பேனாவின் ஈரம் சிவப்பைக் கரைத்து இதழுக்குள் இழுத்துவிடுகிறது.

அன்று மதியம் ஆத்தங்குடிக்குப் போய்க் கல் செய்வதைப் பார்த்தேன். கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் வண்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் வண்ணங்கள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்திக் காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். ஊற்றுகிறவரின் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. ரொம்ப நேரம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 17

சன்னலில் ஒட்டிய துண்டைப் பிரித்தேன். ஆறு வாரம். மூடியிருந்த பாதியும் வெயில் பட்ட பாதியும் வேறு வேறு பேனாவால் பூசியது போல இருக்கின்றன. இளஞ்சிவப்பு பாதிக்கு மேல் போய்விட்டது, ஊதா சாம்பலாகிவிட்டது. மையில் இருப்பது சாயம், அதற்கு வெளிச்சம் ஆகாது. கல்லில் போடுகிற காவி இரும்பு ஆக்சைடு, மண்ணில் இருக்கிற அதே பொருள். அதனால்தான் அத்தனை வருஷம் வளவில் வெயில் பட்டும் அது அப்படியே நிற்கிறது. என் செங்காவிக்கு அடியில் இருப்பது ஊதா என்பதால் இது மனசைக் கொஞ்சம் உறுத்துகிறது. சட்டம் போட்டு முகப்பில் மாட்டலாம் என்று இருந்தேன். அது வேண்டாம். ஸ்கேன் எடுத்துவிட்டு மூலத்தை ஃபைலில் வைத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டாயிற்று.

அப்புறம், பேனாக்களைப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். பெட்டியில் நிற்கவைத்தே வந்ததால் அப்படியே விட்டிருந்தேன். மேலே இருந்த பிரஷ் முனை நாலைந்தில் வறண்டுவிட்டது. பெட்டியைச் சாய்த்து வைத்து இரண்டு நாளில் மூன்று திரும்பி வந்தன.

மே 24

மறுபடி பள்ளத்தூர். முடித்த தாளை எடுத்துப்போய் அதே கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் ஒத்துப்போகிறது. ஆனால் அந்த ஒரு கல்லோடு மட்டும். பக்கத்துக் கல் ஒரு சாயல் கறுத்திருக்கிறது, அதற்கடுத்தது ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. ஒரே கல்லுக்குள்ளேயே ஊற்றிய வண்ணம் சுழன்ற தடம் லேசாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் அந்தத் தரையில் நடந்திருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

அடுத்த தாள் ஒன்பது கல். ஒன்றில் ஊதாவை இரண்டு தடவை பூசப் போகிறேன், ஒன்றில் ஊதாவே இல்லாமல், இன்னொன்றில் ஆரஞ்சு கூட. தூணின் நிழலுக்குப் பழுப்புச் சாயலுள்ள சாம்பல் ஒன்று வேண்டும். பெட்டியில் இருப்பதெல்லாம் நீலம் கலந்த சாம்பல், தேக்கின் மேல் போட்டால் குளிர்ந்துபோகிறது. அந்த ஒரு பேனாவை மட்டும் தனியாக வாங்கித் தரச் சொல்லிச் சிநேகிதியிடம் கேட்டிருக்கிறேன்.