மேடையை விட்டு இறங்கிய இயன் ஹோம்

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் படத்தில் மோதிரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தவிக்கும் முதியவர் பில்போவாகத்தான் நம்மில் பெரும்பாலோருக்கு இயன் ஹோமைத் தெரியும். 2001இல் அந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 70. அதே கதையை பிபிசி 1981இல் வானொலி நாடகமாக ஒலிபரப்பியபோது கதையின் நாயகன் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. ஆனால் இங்கிலாந்து நாடக ரசிகர்கள் அவரை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் உச்சத்தில் இருந்த ஒரு நடிகர், அச்சம் காரணமாக மேடையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார் என்பதே அது.

எசெக்ஸ் மாவட்டத்தின் குட்மேஸில் 1931இல் பிறந்தார். தந்தை அங்கிருந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். ராடா நாடகப் பள்ளியில் பயின்றபின் 1954இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் அரங்கத்துக்குச் சென்றவருக்கு முதலில் கிடைத்தவை ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேடங்களே. இயக்குநர் பீட்டர் ஹால் அங்கே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. குள்ளமான உருவமும் ஓங்கி ஒலிக்காத குரலும் கொண்ட இவர் மூன்றாம் ரிச்சர்டாகவும் ஐந்தாம் ஹென்றியாகவும் நடித்தார். (உயரத்தின் பயனாகவோ என்னவோ, திரையில் மூன்று முறை நெப்போலியனாகும் வாய்ப்பும் பின்னாளில் கிடைத்தது.) 1965இல் ஹெரால்ட் பின்டரின் ‘த ஹோம்கமிங்’ நாடகத்தில் லென்னி என்ற பாத்திரத்தை ஏற்று, அதற்காக 1967இல் நியூயார்க்கில் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது பெற்றார். மரியாதையாகப் பேசிக்கொண்டே எதிரில் இருப்பவரை நடுங்கவைக்கும் அந்த லென்னியில்தான் பிற்காலத்து ஹோம் முழுமையாக உருவாகிவிட்டார் என்பது என் கணிப்பு.

1976இல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் ‘த ஐஸ்மேன் கமெத்’ நாடகம். ஹோமுக்கு ஹிக்கி வேடம். கடைசி அங்கத்தில் பல நிமிடங்களுக்கு ஒரே மூச்சாகப் பேசவேண்டிய, எந்த நடிகரையும் கலங்கடிக்கும் தன்மொழி அந்தப் பாத்திரத்துக்கு உண்டு. முறையான தொடக்கத்துக்கு முந்தைய காட்சிகளில் ஒன்றில் அவருக்கு வசனம் நின்றுபோனது, மேடையிலிருந்து வெளியேறினார், ஒப்பனை அறையில் உடலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தார். அதன்பின், ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, 1993 வரை அவர் மேடை ஏறவில்லை. இருபதாண்டுக் காலம் இரவுதோறும் ரசிகர்கள் முன் நின்று பழகிய ஒருவருக்கு இது நேர்ந்தது என்பதை, மேடை அச்சம் புதியவர்களின் நோய் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நாடகம் இழந்தது திரைக்கு ஆதாயமாயிற்று. ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) படத்தில் விண்கலத்தின் அறிவியல் அலுவலர் ஆஷ், உண்மையில் மனிதனே அல்ல என்பது பிற்பாதியில்தான் நமக்குத் தெரியவருகிறது. முடிச்சு தெரிந்தபின் மறுபடி பார்த்தால், தன் இருக்கையில் அமரும் முன் இருந்த இடத்திலேயே சில கணங்கள் ஓடுவதுபோல் கால்களை அசைக்கும் அந்தச் சிறு செய்கையில் ஏதோ ஒன்று பிசகியிருப்பதை ஹோம் முன்கூட்டியே காட்டிவிட்டது புரியும்.

ஆயினும் எனக்கு மிகப் பிடித்தது ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1981) படத்தில் அவர் ஏற்ற சாம் முசாபினி வேடம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய ஹெரால்ட் ஆபிரகாம்ஸின் பயிற்சியாளர் இவர். ஊதியம் பெறும் பயிற்சியாளர் என்பதால் மைதானத்தில் அவருக்கு இடமில்லை. அருகிலுள்ள விடுதி அறையில் காத்திருக்கிறார். ஓட்டத்தின் முடிவை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. சன்னல் வழியே பிரிட்டிஷ் கொடி ஏறுவதைக் காண்கிறார். தேசிய கீதம் கேட்கிறது. படுக்கையில் அமர்ந்து, தன் வைக்கோல் தொப்பியைக் கையால் ஓங்கிக் குத்திக் கிழித்துவிடுகிறார். இவ்வளவு குறைந்த சொற்களில் வெற்றியைச் சொன்ன காட்சிகள் அதிகமில்லை. கான் திரைப்பட விழாவிலும் பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டாவிலும் துணை நடிகருக்கான விருதுகளைப் பெற்ற அவர், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் அந்த விருது ஜான் கில்குட்டுக்குப் போயிற்று.

1993இல் அவரை மேடைக்கு மீண்டும் கொண்டுவந்தது பின்டரின் ‘மூன்லைட்’ நாடகம். நடந்த இடம் லண்டனின் சிறிய அல்மெய்டா அரங்கம். நான்காண்டுகள் கழித்து ரிச்சர்ட் அயரின் இயக்கத்தில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடித்ததும் நேஷனல் தியேட்டரின் மிகச் சிறிய அரங்கமான காட்டஸ்லோவில்தான். அப்போது அங்கே சுமார் 300 பேர் அமர முடிந்தது. அளவில் சிறிய இவ்விரு அரங்குகளும் தற்செயலாக அமைந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. கேமரா முன் பழகிய தாழ்ந்த குரலையும் முகத்தின் மெல்லிய மாற்றங்களையும் கைவிடாமல் நடிப்பதற்கு அவை இடம் தந்தன. புயல் காட்சியில் ஆடைகள் அனைத்தையும் களைந்து, 65 வயது உடலோடு ரசிகர்களுக்குச் சில அடி தொலைவில் நின்றார். அச்சத்தால் மேடையை விட்டு ஓடியவர் என்று அவரைச் சொல்வோர், அதே மனிதர் பின்னர் இவ்வளவு பாதுகாப்பின்றி நிற்கத் துணிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லியருக்காக பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியே விருதும், அதே 1998இல் சர் பட்டமும் வந்தன. பிபிசி அந்த நாடகத்தைத் தொலைக்காட்சிக்காகவும் படமாக்கியது.

பின்னர் பார்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியது. ‘த ஹாபிட்’ படங்களுக்காக நியூசிலாந்து வரை பயணம் செய்ய இயலாததால், அவருடைய காட்சிகள் இங்கிலாந்திலேயே எடுக்கப்பட்டன. 2020 ஜூன் 19 அன்று, 88ஆம் வயதில் லண்டனில் காலமானார்.