மறுத்தவருக்கே தூக்கு: ஆர்தர் மில்லரின் நாடகத்தைப் புதுச்சேரி மாணவர்களோடு படித்தபோது

முதுகலை ஆங்கில இலக்கிய வகுப்பில் ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தை நடத்தத் தொடங்கும்போதெல்லாம், தேர்வுக் கையேடுகள் அதன்மேல் குத்திவைத்திருக்கும் ஒரு முத்திரையை முதலில் அகற்ற வேண்டியிருக்கிறது. ‘மூடநம்பிக்கையின் தீமையைக் காட்டும் நாடகம்’ என்பதுதான் அந்த முத்திரை. பேயையும் சூனியத்தையும் நம்பிய பழங்காலத்து மக்களின் கதை என்று இதை ஒதுக்கிவிட்டால், இப்படியெல்லாம் நமக்கு நேராது என்ற நிம்மதியோடு ஒரு நெடுவினாவுக்கு விடை எழுதிவிடலாம். ஆனால் நாடகம் கைநழுவிப் போய்விடும். நாடகம் நடக்கும் அமெரிக்கச் சேலம் கிராமத்தில் உயிர்களைப் பறித்தது அங்கு விசாரணை நடத்தப்பட்ட முறைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1692ஆம் ஆண்டு நடந்த சூனிய வழக்குகளை வைத்து எழுதப்பட்ட இந்நாடகம், 1953 ஜனவரி 22 அன்று நியூயார்க்கில் அரங்கேறியது. வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் 14 பேர் பெண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்ததால், மார்பின்மேல் கற்களை அடுக்கி நசுக்கப்பட்டு இறந்தார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே மாண்டனர். இந்த எண்களை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவற்றோடு சேர்த்து நான் சொல்லும் இன்னொரு செய்திதான் அவர்களைத் திடுக்கிட வைக்கிறது: ‘ஆம், நான் சாத்தானோடு உடன்பட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு, அதிலிருந்து மாறாமல் நின்ற ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. ‘நான் நிரபராதி’ என்று கடைசி வரை சொன்னவர்களே தூக்குமரம் ஏறினார்கள். சாமுவேல் வார்ட்வெல் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் மனசாட்சி உறுத்தி அதை மறுத்தார், அவரும் தூக்கிலிடப்பட்டார்.

பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் சாவு என்று ஒரு நீதிமன்றம் அமைந்துவிட்ட பிறகு, அங்கே ஒப்புதல்கள் குவிவதில் வியப்பில்லை. ஒப்புக்கொள்பவர் தம்முடன் இருந்த மற்றவர்களின் பெயர்களையும் சொல்லியாக வேண்டும் என்பதால், ஒவ்வோர் ஒப்புதலும் மேலும் சில கைதுகளை ஈன்றது. இத்தனை பேர் ஒப்புக்கொண்டிருக்கும்போது சூனியம் பொய்யாக இருக்க முடியுமா என்று நீதிபதிகள் கேட்க, அந்த ஒப்புதல்களே சான்றாகவும் ஆயின. போதாக்குறைக்கு, ‘இவளுடைய ஆவி என் அறைக்கு வந்து என்னைக் கிள்ளியது’ என்று ஒரு சிறுமி சொன்னால், அந்தப் பெண் அந்நேரத்தில் தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாள் என்பது எதிர்வாதமாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. உடல் வீட்டில் இருந்திருக்கலாம், வந்தது ஆவிதானே என்றார்கள். 1692 அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு கூடிய புதிய நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தைத் தள்ளிவைத்ததும், வழக்குகளில் பெரும்பாலானவை விடுதலையில் முடிந்தன. ஊர் மக்களின் நம்பிக்கை அந்தச் சில மாதங்களில் மாறிவிடவில்லை; மாறியது சாட்சிய விதி மட்டுமே. நாடகத்தை விளக்க இதைவிடச் சிறந்த திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் காட்சியை எப்போதும் மாணவர்களையே பாத்திரமேற்று உரக்கப் படிக்கச் சொல்வேன். பணிப்பெண் மேரி வாரன், தானும் மற்றப் பெண்களும் ஆவிகளைக் கண்டதாகச் சொன்னதெல்லாம் பாசாங்கு என்று நீதிமன்றத்தில் வாக்குமூலம் தருகிறாள். அப்படியானால் இப்போதே மயங்கி விழுந்து காட்டு என்கிறார்கள். அவளால் முடியவில்லை. அன்று மற்றவர்கள் அலறினார்கள், நீங்களும் நம்பினீர்கள், அதனால் எனக்கும் ஆவிகள் தெரிவது போலிருந்தது என்று திக்கித் திணறுகிறாள். உண்மைக்கு மிக நெருங்கி வந்த சொல் அதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள நீதிமன்றத்துக்குக் காது இல்லை. பிறகு, குற்றம் சாட்டும் பெண்களுக்குத் தலைவியான அபிகெய்ல், கூரை உத்தரத்தில் மஞ்சள் பறவை ஒன்று உட்கார்ந்திருப்பதாகக் கூவுகிறாள். மேரி என்ன சொன்னாலும் மற்றப் பெண்கள் அதே சொற்களை அதே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள். இம்முறை நான்கு மாணவிகள் அந்தப் பகுதியைச் சேர்ந்து படித்தார்கள். முதல் இரண்டு வரிகளில் சிரிப்பு இருந்தது. மூன்றாவது முறை திருப்பிச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேரியாகப் படித்த மாணவிக்கு உண்மையிலேயே குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பற்றி நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

அன்று பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், “சார், எங்க ஊர்ல தீமிதி அன்னைக்கு ஒருத்தங்களுக்குச் சாமி வந்தா, பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் வந்துடும். அவங்க யாரும் நடிக்கிறது இல்ல” என்றார். மிகச் சரியான கருத்து. உணர்ச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது எல்லாச் சமூகங்களிலும் உள்ளது. திரௌபதி அம்மன் கோயில் திடலில் அது பக்தியாக எழுந்து, உடுக்கை ஓய்ந்ததும் அடங்கிவிடுகிறது. அருள் வந்து ஆடிய ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார் என்பதற்காக மறுநாள் யாரும் கைதாணையோடு வந்து கதவைத் தட்டுவதில்லை. சேலத்தில் தட்டினார்கள். மருண்ட சிறுமிகளின் அலறலைச் சாட்சியமாகப் பதிவு செய்து, அதன்கீழ்க் கையெழுத்திட்டவர்கள் நன்கு படித்த, வயதில் முதிர்ந்த கனவான்கள்.

இந்த இடத்தில் மில்லரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. வரலாற்று அபிகெய்லுக்கு ஏறத்தாழ 11 வயது. நாடகத்தின் நாயகனான ஜான் ப்ராக்டருக்கு ஏறத்தாழ 60. மில்லர் அவளைப் 17 வயதினளாகவும் அவரை முப்பதுகளில் இருப்பவராகவும் மாற்றி, இருவருக்குமிடையே ஒரு தகாத உறவையும் படைத்தார். ப்ராக்டரின் குற்றவுணர்வுக்கு அது ஆழம் தருகிறது என்பதை மறுக்கவில்லை. பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கும்போது விபசாரம் பற்றிய ஒன்றை மட்டும் மறந்து நிற்கும் கணவருக்கு, அந்த ஒன்றை மனைவி எலிசபெத் மெல்ல எடுத்துக்கொடுக்கும் இடம் அதனால்தான் சாத்தியமாயிற்று. நாடகத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான். ஆயினும் விலை பெரிது. வகுப்பில் பாதிப் பேர், ‘எல்லாம் அந்த ஒருத்தியால் வந்த வினை’ என்று முடித்துவிடுகிறார்கள். பொறாமை கொண்ட ஓர் இளம்பெண்மீது பழி முழுவதும் விழுந்துவிட, நீதிபதி டான்ஃபோர்த் ஏமாற்றப்பட்ட பெரியவராகத் தப்பித்துக்கொள்கிறார். 11 வயதுச் சிறுமியாகவே விட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

முதல் காட்சியின் நடுவே மில்லர் எழுதியிருக்கும் நீண்ட உரைநடைப் பகுதிகளை, உரையாடல் இல்லை என்பதற்காகத் தாண்டிச் செல்லக் கூடாது. ஊரில் யாருக்கு யார்மேல் நிலத் தகராறு, எந்தக் குடும்பத்துக்கு எதனோடு பகை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. குற்றவாளியாகித் தூக்கிலேறினால் நிலம் பறிபோகும், ஏலத்துக்கு வந்தால் வாங்க வசதியுள்ளவர் தாமஸ் புட்னம் ஒருவரே என்று நாடகத்தின் ஜைல்ஸ் கோரி வாதிடுகிறார். தம் நிலம் மகன்களுக்குச் சேர வேண்டும் என்றுதான் அவர் வாய் திறக்காமலே சாகிறார். கம்யூனிஸ்டு வேட்டைக் கால அமெரிக்காவை மனத்தில் வைத்து மில்லர் இதை எழுதியது எல்லோரும் அறிந்ததே. 1956இல் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த நாடாளுமன்றக் குழுவின்முன் நின்றபோது அவரும் பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். அதற்காக விதிக்கப்பட்ட தண்டனை 1958இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வகுப்பிலிருந்து சிறிது தொலைவிலேயே நடந்த வேறொரு வழக்கை நினைவூட்டினேன். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராகப் புதுச்சேரியில் செல்வாக்கோடு இருந்தவர் நைனியப்ப பிள்ளை; நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அப்பதவியில் இருப்பதை ஏசு சபையினர் எதிர்த்துவந்தனர். 1716இல் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, கலகம் தூண்டல் ஆகிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. கடைவீதியில் 50 கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். தங்களுக்குத் தெரியாத மொழியில் என்ன எழுதியிருந்தது என்று அறியாமலே கையொப்பமிட்டோம் என்று சாட்சிகள் சிலர் பின்னர் கூறினர்.

அந்த வழக்கில் சூனியமும் இல்லை, மஞ்சள் பறவையும் இல்லை. பகை இருந்தது, பறிப்பதற்குச் சொத்து இருந்தது, எதிர்வாதம் எடுபடாத ஒரு மன்றம் இருந்தது. பொய்யாக ஒப்புக்கொண்டு தம் பெயர் எழுதிய தாளை நீதிமன்றத்துக்குத் தர மாட்டேன் என்று ப்ராக்டர் அதைக் கிழிக்கும் கடைசிக் காட்சியை, இந்தச் சாட்சிகளின் கையொப்பங்களோடு சேர்த்துப் படித்தபோது மாணவர்களிடம் எழுந்த விவாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை. கடலூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருவர், “நைனியப்பருக்காக யார் சார் போராடினாங்க?” என்று கேட்டார். அவருடைய குடும்பத்தினர் பிரான்சு வரை முறையிட்டார்கள். மூத்த மகன் குருவப்பா பாரிசுக்கே சென்றார். 1720இல் தீர்ப்பு நீக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, சேலம் வழக்குகளில் 1693இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநரின் ஆணையால் உயிர் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர், மற்றவர்களின் பெயர்கள் துடைக்கப்பட்ட பிறகும் குற்றவாளிப் பட்டியலிலேயே கிடந்தது. அவருக்காக மன்றாடப் பிள்ளைகள் இல்லை. மாசசூசெட்ஸின் நார்த் ஆண்டோவர் என்ற ஊரின் பள்ளி மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை அணுகி, 2022இல் அந்தப் பழியை நீக்கச் செய்தார்கள். இதைக் கேட்ட என் மாணவர்கள் நைனியப்பர் வழக்கைக் காட்சி காட்சியாக எழுதிப் பார்க்க விரும்புகிறார்கள். எபேரை ஒற்றை வில்லனாக்கிவிடாமல், கையொப்பமிட்ட சாட்சிகளிலிருந்து தொடங்குங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.