பகல் பன்னிரண்டு மணி வாசிப்பு

மலையகத்து ஓயா (சிற்றாறு) ஒன்றின் நீர்மட்டக் கம்பத்தில் காலை ஆறு மணிக்கு 1.92 மீட்டர். பகல் பன்னிரண்டுக்கு 1.40. மாலை ஆறுக்கு எண் ஏதும் இல்லை, "கம்பம் இல்லை" என்று மட்டும் பேனையால் எழுதியிருந்தது. பன்னிரண்டு மணி வாசிப்பின் மேல் அலுவலகத்தில் யாரோ சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். நவம்பர் மாதம், பக்கத்துத் தோட்டத்து மழைமானியில் விடாத மழை. ஆறு எப்படி அரை மீட்டர் இறங்கும்?

கேஜ் வாசிப்பவரிடம் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "மழ விட்டபாடில்ல சேர். ஆத்துல மட்டும் தண்ணி கொறயுது. எழுதுறதா வேணாமான்னு யோசிச்சேன். கண்ணால கண்டத எழுதிட்டேன்."

மழைக்குள் ஆறு இறங்கினால் மேலே எங்கோ மண்சரிவு ஓயாவை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பின்னால் தேங்கிய தண்ணீர் அடைப்பை உடைத்துக்கொண்டு சேறும் கல்லுமாக ஒரே மூச்சில் வந்திருக்கிறது. மூன்று நேர வாசிப்பு மட்டும் உள்ள நிலையத்தில் இந்தத் தடயம் கிடைப்பதே அபூர்வம். சிறிய மலை ஓயாவில் உச்சம் இரண்டு வாசிப்புக்கு நடுவில் வந்து போய்விடும். புத்தகத்தில் இருக்கிற அதிகபட்சத்தை ஆண்டின் உச்சம் என்று அப்படியே எடுத்தால் தொடர் முழுக்கக் குறைவாகத்தான் வரும்.

அந்த ஓயாவில் ஒரு பாலத்துக்கான நூறாண்டு வெள்ளம், அதாவது எந்த ஓர் ஆண்டிலும் நூற்றுக்கு ஒரு வாய்ப்புள்ள வெள்ளம், எங்களிடம் கேட்கப்பட்டிருந்தது. கையில் 31 ஆண்டு உச்சங்கள். முப்பதும் பெரும்பாலும் யூன், யூலை தென்மேற்குப் பருவ மழையில் வந்தவை. அந்த முப்பதின் சராசரி செக்கனுக்கு 170 கன மீட்டர், நியம விலகல் 60. முப்பத்தோராவதுதான் இந்த நவம்பர். கரண்ட் மீட்டர் கொண்டு ஓட்டத்தை அளந்த அதிகபட்ச மட்டமே 1.8 மீட்டர் என்பதால், மட்டத்திலிருந்து ஓட்டத்தைச் சொல்லும் ரேட்டிங் வளைகோட்டை நீட்டுவதில் பயனில்லை. வெள்ளக் கறைகளைப் பிடித்து, நீரின் சாய்வையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் கொண்டு ஓட்டத்தைக் காணும் சாய்வு-பரப்பு முறையில்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. நேரான ஒரு துண்டில் மூன்று குறுக்குவெட்டு, இரு கரையிலும் கறை மட்டம். பாறையின் மேல்முகத்தில் சிக்கிய சருகை எடுக்கக்கூடாது. தண்ணீர் மோதி ஏறிய உயரம் அது. பாறைக்குப் பின்னால் அல்லது கரைப் புதருக்குள் படிந்த மெல்லிய சேற்றுக் கோட்டைத்தான் நம்பலாம்.

அதற்குப் பிறகும் படுகையின் கரடுமுரடைக் குறிக்கும் மானிங் எண் ஒன்று இருக்கிறது. 0.05 போட்டால் 520 கன மீட்டர். அதே குறுக்குவெட்டு, அதே சாய்வு, 0.07 போட்டால் 371. பெருங்கற்கள் கிடக்கும் செங்குத்தான ஓயாவில் பாடநூல் அட்டவணை எண் குறைவு என்பது தெரிந்த விஷயம். சேறு கலந்த ஓட்டத்துக்கு அந்தச் சூத்திரமே பொருந்தாது என்பதும் தெரிந்த விஷயம்தான். அப்படிப்பட்ட ஓட்டம் விட்டுப்போன கறையைத் தண்ணீரின் கறை என்று எடுத்தால் உச்சம் வீங்கித்தான் வரும்.

ஆண்டு உச்சங்களுக்குப் பொருத்தும் கம்பல் (Gumbel) பரம்பலில் நூறாண்டுக்கான காரணி 3.14, அதாவது சராசரியோடு நியம விலகலின் 3.14 மடங்கைக் கூட்ட வேண்டும். நவம்பரை விட்டால் நூறாண்டு வெள்ளம் 358. 371 ஆகச் சேர்த்தால் 394. 520 ஆகச் சேர்த்தால் 452. குறுகிய பதிவுக்கான திருத்தத்தையும் போட்டால் மூன்றும் இன்னும் ஏறும். 358க்கும் 452க்கும் இடையே அந்த இடத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் நீர்மட்டம். பாலத்தின் உயரம் அதில்தான் நின்றது.

மூத்த பொறியியலாளர் புத்தகத்தைப் பார்த்தார், பன்னிரண்டு மணி வாசிப்பை உடனே நம்பினார். அதே வாசிப்பை வைத்தே சொன்னார்: "தம்பி, இது மழை வெள்ளமே இல்லை. அணை உடைஞ்ச மாதிரி. லிஸ்டில இருந்து எடுத்துவிடும்."

"பாலத்துக்கு அது தெரியுமோ சேர்?"

"பாலத்துக்குத் தெரியாது. கம்பலுக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் பிழை காண முடியாது. ஆண்டு உச்சத் தொடரில் எல்லாம் ஒரே வகைக் காரணத்தால் வந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. மகாவலியின் பேராதனைப் பதிவு எவ்வளவு நீளமானாலும், அதற்கு மேலே கொத்மலை அணை 1985இல் முடிந்த பின் வந்த உச்சங்களை முந்தியவற்றோடு ஒன்றாகக் கலக்க முடியாதது இதே காரணத்தால்தான். ஆனால் எடுத்துவிட்ட பின் மிஞ்சிய முப்பதை வைத்து அந்த 520ஐப் பார்த்தால் மூவாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகக் கணக்கு வருகிறது. முப்பது ஆண்டுப் பதிவில் மூவாயிரம் ஆண்டு வெள்ளமா? கணக்கே கையை விரிக்கிறது.

முறைப்படி செய்வதென்றால் தென்மேற்குப் பருவத்துக்கு ஒரு தொடர், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு இன்னொன்று, ஒரு வெள்ள அளவை இரண்டிலும் மிஞ்சாத நிகழ்தகவுகளைப் பெருக்கிச் சேர்க்கலாம். மழைக்கு அது சரிவரும். மண்சரிவு அடைப்பு முப்பது ஆண்டில் ஒன்றே ஒன்று. ஒரு புள்ளிக்குப் பரம்பல் கிடையாது.

394ஐ மேலே தள்ளி 400 என்று கொடுத்தோம். 0.07 தான் அந்த ஓயாவுக்குப் பொருத்தம் என்று இன்றைக்கும் வாதாட முடியும். பாலத்தின் வரைபடம் ஏற்கெனவே தாங்கக்கூடிய எண்ணும் அதுதான் என்பது வாதத்தைக் கொஞ்சம் கெடுக்கிறது. நடுவில் இருப்பதே சரியான எண் என்று எந்தச் சூத்திரமும் சொல்வதில்லை. நூறாண்டு வெள்ளம் என்று எழுதினாலும் ஐம்பது ஆண்டு நிற்கும் பாலம் அதைச் சந்திக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு உண்டு. அதைக் கூட்டத்தில் சொன்னால் உடனே பேச்சை மாற்றுவார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் வெள்ளமும் மண்சரிவும் ஒன்றாகவே வந்தன. அதன்பின் "மழை வெள்ளம் வேறு, மண்சரிவு வேறு" என்ற பிரிவு அட்டவணையில் நிற்கிற அளவுக்கு மலையில் நிற்குமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் மழை ஒன்றே. ஆனாலும் மண்சரிவு அபாய வலய வரைபடம் ஒரு நிறுவனத்தில், ஆற்றுப் பதிவு இன்னொரு திணைக்களத்தில் என்றுதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்தால் எந்தச் சரிவு எந்த ஓயாவை அடைக்கக்கூடும் என்று கைவிரலால் காட்டலாம். அதற்கு மீள்வருகைக் காலம் (எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு) ஒன்றும் வேண்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டு மறுநாள் வேறொரு ஓயாவுக்குக் கம்பல் போடத்தான் செய்கிறோம், ஏனெனில் கேட்பவர்களுக்கு ஒரு எண் வேண்டும்.

பன்னிரண்டு மணி வாசிப்பின் விளக்கம் அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. இப்போது அந்த 400ஐ ஆற்றின் கீழ்ப்பக்கம் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பதிலாகக் கட்டப்போகும் புது வீடுகளின் மட்டத்துக்கும் எடுத்திருக்கிறார்கள். பின்னிணைப்பைப் பிரதி எடுக்கவில்லை.